"நாளையிலிருந்து வர வேண்டாம்": பனியன் கம்பெனியில் கணக்கை முடித்து வாங்குவது எப்படி

"நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சூப்பர்வைசர் சொன்னால், அன்றைக்குச் செய்யக் கூடாத காரியம் ஒன்றுதான்: எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். சத்தம் போடலாம், அழலாம், டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பேசாமல் வீட்டுக்கு வரலாம். கையெழுத்து மட்டும் வேண்டாம். "பி.எஃப். எடுக்கோணும்னா ஒரு ராஜினாமா லெட்டர் எழுதிக் குடுத்துட்டுப் போங்கக்கா, சும்மா பார்மாலிட்டிதானுங்க" என்பார்கள். பி.எஃப். எடுக்க அந்த லெட்டர் தேவையே இல்லை. அது தேவைப்படுவது கம்பெனிக்கு. அவர்களாக நிறுத்தினால் நஷ்டஈடு தர வேண்டும். நீங்களாக நின்றுகொண்டதாக ஒரு தாள் இருந்துவிட்டால் அந்தத் தொகை அவர்களுக்கு மிச்சம்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளின் டைம் ஆபீஸில் வருஷக்கணக்கில் உட்கார்ந்தவன் நான். வருகைப் பதிவேடு, சம்பளப் பட்டியல், பி.எஃப். சலான் எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். இப்போது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். அவர்களிடம் வாயால் சொல்வதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். உதாரணமெல்லாம் பனியன் தொழிலாக இருக்கும். ஆனால் சோமனூர் தறிக்குடோனோ, கோவை பவுண்டரியோ, காங்கேயம் எண்ணெய் மில்லோ, ஈரோட்டுச் சாயப்பட்டறையோ, சட்டம் ஒன்றுதான். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து பக்கத்து மிஷினில் தைக்கிற தம்பிகளுக்கும் இதே சட்டம்தான்.

2025 நவம்பர் 21 முதல் பழைய 29 தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக நான்கு சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்திருக்கின்றன. சங்கங்கள் எதிர்த்தன. எதிர்த்ததில் நியாயம் இருக்கிறது: முன்பு 100 பேர் இருக்கும் ஆலை ஆள்குறைப்புக்கு அரசிடம் அனுமதி கேட்க வேண்டும், இப்போது 300 பேர் இருந்தால்தான். ஆனால் கணக்கு முடிக்கிற விஷயத்தில் நமக்கு உதவுகிற வரிகளும் அதில் உண்டு. அதையெல்லாம் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

வேலையில் இருக்கும்போதே சேர்க்க வேண்டியவை

என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் வேலை போன பிறகுதான் வருகிறார்கள். "எட்டு வருஷமா அங்கதானுங்க சோலி பார்த்தேன், எல்லாருக்கும் தெரியுமுங்க" என்பார்கள். எல்லாருக்கும் தெரியும்தான். ஆனால் நாளைக்கு லேபர் ஆபீசில் வந்து சொல்லப்போகிறவர் யார்? பக்கத்து மிஷின்காரருக்கும் வாடகை, பள்ளிக்கூட ஃபீஸ் எல்லாம் இருக்கிறது. அதனால் ஆளை நம்பாதீர்கள், தாளை நம்புங்கள். கம்பெனியோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே சேர்த்துவிடுங்கள்.

பனியன் கம்பெனியில் என்ன தாள் கிடைக்கும் என்று கேட்பீர்கள். வேலை நியமனக் கடிதம் கட்டாயம் தர வேண்டும் என்று புதுச் சட்டம் சொல்கிறது. கேட்டுப் பாருங்கள், கொடுத்தால் நல்லது. கொடுக்காவிட்டாலும் வேறு வழி இருக்கிறது. சனிக்கிழமை சம்பளக் கவரின் மேல் பேர், ஷிப்ட் கணக்கு, தொகை எழுதியிருப்பார்கள். அந்தக் கவரைத்தான் முதலில் கிழித்துப் போடுகிறோம். கிழிக்காதீர்கள், ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கவரையும் வையுங்கள். பீஸ்ரேட் ஆள் என்றால் பண்டல் சீட்டு, நீங்கள் தைத்த கணக்கு எழுதிய பாக்கெட் நோட்டு. ஜி.பே.யில் சம்பளம் வந்தால் அனுப்பியவர் பேரோடு ஸ்க்ரீன்ஷாட். "நாளைக்கு ஏழரைக்கே வந்துருங்க, ஷிப்மெண்ட் இருக்கு" என்று சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப்பும் சாட்சிதான். ஐ.டி. கார்டைக் கடைசி நாளில் பிடுங்கிக்கொள்வார்கள். இன்றைக்கே இரண்டு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி பி.எஃப். பாஸ்புக். உங்கள் 12 இலக்க யு.ஏ.என். எண்ணோடு (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) செல் எண் இணைந்திருந்தால், அந்தச் செல்லிலிருந்து 9966044425க்கு மிஸ்டு கால் கொடுங்கள், இருப்பு எஸ்.எம்.எஸ்.ஸில் வரும். மாதவாரிக் கணக்கு வேண்டுமென்றால் உமாங் ஆப்பில் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். மூன்று விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, விட்டுப்போன மாதம் இருக்கிறதா. பிடித்தம் செய்துவிட்டுக் கட்டாமல் விட்டால் அது குற்ற வழக்காகவே போகக்கூடிய விஷயம். இரண்டு, உங்கள் பங்கு 12 சதவீதம்தான் பிடிக்க வேண்டும். கம்பெனிப் பங்கையும் சேர்த்து 24 சதவீதத்தை உங்கள் கூலியிலேயே கழிக்கிற காண்ட்ராக்ட்காரர்கள் இருக்கிறார்கள், அது சட்டவிரோதம்.

மூன்றாவது கம்பெனியின் பேர். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கேட்டில் இருக்கிற போர்டு ஒரு பேர். சம்பளக் கவரில் இன்னொரு பேர். பாஸ்புக்கில் மூன்றாவது பேர், பெரும்பாலும் முதலாளி வீட்டம்மா பேரிலோ மகன் பேரிலோ தொடங்கிய நிறுவனம். நாலு வருஷம் முடியப்போகிற ஆளை ஏப்ரலில் அந்த இன்னொரு பேருக்கு மாற்றிவிடுவார்கள். அதே மிஷின், அதே டியூப்லைட், அதே டீ. பதிவேட்டில் மட்டும் புது ஆள். ஐந்து வருஷம் முடியாவிட்டால் கிராஜுவிட்டி (பணிக்கொடை) இல்லை என்கிற கணக்கு அது. அதனால் பாஸ்புக்கில் எத்தனை நிறுவனப் பேர் இருக்கிறதோ அத்தனையையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே கட்டடம், ஒரே மேனேஜர், ஒரே வேலை என்று காட்டினால் அதைத் தொடர்ந்த வேலையாகத்தான் கேட்க வேண்டும். மனுவில் எல்லாப் பேரையும் எதிர்மனுதாரராகப் போடுங்கள்.

பவர்டேபிளில், அதாவது காண்ட்ராக்ட்காரர் நடத்துகிற தையல் யூனிட்டில், வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காண்ட்ராக்ட்காரர் கூலி தராமல் ஊரைவிட்டுப் போய்விட்டால் பணம் போயிற்று என்று விட்டுவிடாதீர்கள். யாருக்காக வேலை நடந்ததோ அந்தக் கம்பெனி தர வேண்டும். அதற்கு எந்தக் கம்பெனியின் பீஸ் தைத்தீர்கள் என்று தெரிய வேண்டும். கழுத்து லேபிளின் படம் ஒன்று போனில் இருக்கட்டும்.

என்னென்ன வரவேண்டும்

ஒரு பேட்லாக் டெய்லரை (பேட்லாக் என்பது பனியன் தைக்கிற ஒரு வகை மிஷின்) வைத்துக் கணக்குப் போடலாம். 2018 மே மாதம் சேர்ந்தார். ஷிப்டுக்கு 550 ரூபாய். 2026 பொங்கல் லீவு முடிந்து வந்தபோது "ஆர்டர் இல்லீங்க" என்று கேட்டிலேயே திருப்பிவிட்டார்கள். வேலை பார்த்தது 7 வருஷம் 8 மாதம்.

கிராஜுவிட்டி: ஒரு நாள் கூலியை 15ஆல் பெருக்கி, வருஷத்தால் பெருக்குங்கள். ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் முழு வருஷமாக எடுக்க வேண்டும், ஆக 8 வருஷம். 550 × 15 × 8 = 66,000 ரூபாய். மாதச் சம்பளக்காரர் என்றால் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் நாள் கூலி. பீஸ்ரேட் என்றால், ஓவர்டைம் நீக்கிக் கடைசி மூன்று மாத வருமானத்தின் நாள் சராசரி. "பீஸ்ரேட்டுக்கு கிராஜுவிட்டி கிடையாது" என்பது டைம் ஆபீசில் சொல்லிச் சொல்லியே நிஜமாக்கிவிட்ட பொய். ஐந்து வருஷம் முழுசாக முடியவில்லையா? நான்கு வருஷம் முடிந்து ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சொல்லியிருக்கிறது. இத்தனை மாதத்துக்கு என்று எழுதி எடுத்த நிலையான கால ஒப்பந்த ஆளுக்குப் புதுச் சட்டத்தில் ஒரு வருஷமே போதும்.

ஆள்குறைப்பு நஷ்டஈடு: இது வேறு, கிராஜுவிட்டி வேறு. ஒரு வருஷம் முடித்தவரை வேலை இல்லை என்று நிறுத்தினால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது ஒரு மாதச் சம்பளம், அதோடு வருஷத்துக்கு 15 நாள் சராசரிச் சம்பளம். நம் டெய்லருக்கு நோட்டீஸ் சம்பளம் 14,300, நஷ்டஈடு இன்னொரு 66,000. ஆகமொத்தம் எண்பதாயிரத்துக்கு மேல். ராஜினாமா லெட்டர் ஒன்றில் கையெழுத்துப் போட்டால் போவது இந்தத் தொகைதான். முதல் பத்தியில் அவ்வளவு சொன்னது இதற்காகத்தான்.

"நிறுத்தலீங்க, கூப்பிடறப்ப வாங்க" என்று சொன்னால் அதற்கும் சட்டத்தில் இடம் உண்டு. 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்க வரி 50 சதவீதமானபோது ஊரெல்லாம் கேட்ட வார்த்தை அது. 50 பேருக்குக் குறையாமல் இருக்கிற தொழிற்சாலையில், ஒரு வருஷம் முடித்து பதிவேட்டில் பேர் இருப்பவரை அப்படி உட்கார வைத்தால் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படியில் பாதி தர வேண்டும்.

போனஸ்: "தீபாவளிக்கு வேலையில் இருந்தாத்தான் போனஸ்" என்பது ஊர் வழக்கம், சட்டம் அல்ல. கணக்கு வருஷத்தில் 30 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். ஆடி மாதம் நின்றவருக்கும் முந்தின ஏப்ரல்-மார்ச் வருஷத்துப் போனஸ் முழுசாக உண்டு. நின்ற வருஷத்தில் பார்த்த நாளுக்கும் உண்டு. குறைந்தது 8.33 சதவீதம்.

இனி ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்குப் போய் ராத்திரி எட்டரை, ஒன்பதுக்கு வருகிறோம். 550க்கு ஒன்றரை ஷிப்ட் என்று 825 தருகிறார்கள், நாமும் சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறோம். 8 மணி நேரத்துக்கு மேல் பார்க்கிற வேலைக்கு இரட்டைக் கூலி என்பது சட்டம். சாப்பாடு, டீ நேரம் போக நாலு மணி நேரம் கூடுதலாகத் தைத்தால் தர வேண்டியது 275 அல்ல, இன்னொரு 550. வேலையில் இருக்கும்போது இதை யாரும் கேட்பதில்லை. கேட்டால் அடுத்த நாள் ஒரு ஷிப்ட்தான் கிடைக்கும் என்று தெரியும். மனுவில் நான் இதை எப்போதும் சேர்ப்பேன். நிரூபிக்கக் கஷ்டம்தான், ஆனால் பேரம் பேசும்போது கம்பெனி முதலில் பயப்படுவது இந்த வரிக்குத்தான்.

சம்பளச் சீட்டு தருகிற பெரிய கம்பெனியில் வேறு சங்கதி. மொத்தம் 16,000 என்று போட்டு, அடிப்படை 5,000, மீதியெல்லாம் படி என்று பிரித்திருப்பார்கள். படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் சம்பளமாகத்தான் கணக்கு. ஆக உங்கள் கணக்குக்கு எடுக்க வேண்டியது 5,000 அல்ல, 8,000.

எடுக்காத லீவுக்குப் பணம், நின்ற வாரத்துக் கூலி இரண்டையும் விட்டுவிடாதீர்கள். நிறுத்தினாலும் நீங்களாக நின்றாலும், சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். "அடுத்த மாசம் பத்தாந்தேதி வாங்க" என்பதற்கு இடமே இல்லை. கிராஜுவிட்டிக்கு மட்டும் 30 நாள் அவகாசம் உண்டு.

இரண்டு கடிதம், ஒன்றல்ல

கேட்டில் திருப்பிவிட்ட அன்றைக்கே முதல் கடிதம் எழுதுங்கள். அதில் பணம் கேட்காதீர்கள். வேலை மட்டும் கேளுங்கள். கம்பெனி பின்னால் சொல்லப்போவது "அவங்களாவே வரலீங்க" என்றுதான். அந்த வாயை அடைக்கிற கடிதம் இது. இவ்வளவு போதும்:

"ஐயா, நான் தங்கள் நிறுவனத்தில் 2018 மே மாதம் முதல் பேட்லாக் டெய்லராக வேலை செய்து வருகிறேன். என் யு.ஏ.என். எண் இது. 19.01.2026 திங்கள் காலை 8.25 மணிக்கு வேலைக்கு வந்தபோது, வாட்ச்மேன் என்னை உள்ளே விடவில்லை. மேனேஜர் வெளியே வந்து, ஆர்டர் இல்லை, இனி வர வேண்டாம் என்று வாய்மொழியாகச் சொன்னார். எழுத்தில் எந்த உத்தரவும் தரவில்லை. நான் ராஜினாமா செய்யவில்லை. வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன். எனக்கு வேலை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

தேதி, கையெழுத்து, செல் எண். கெட்ட வார்த்தை, சாபம், முதலாளி வீட்டுக் கதை எதுவும் வேண்டாம். தாளைப் படமெடுத்துக்கொண்டு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள் (பதிவுத் தபால் 2025இல் இதோடு சேர்ந்துவிட்டது). தபால் ரசீதைப் பத்திரப்படுத்தி, போய்ச் சேர்ந்த அத்தாட்சியையும் வாங்குங்கள். கம்பெனி வாங்க மறுத்தாலும் கவலையில்லை. திரும்பி வந்த கவரைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள்.

ஒரு வாரம் பாருங்கள். இதற்குள் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: வேலை வேண்டுமா, கணக்கு வேண்டுமா? இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டால் வழக்கு இழுக்கும். கணக்கு போதும் என்றால் இரண்டாவது கடிதம். மேலே சொன்ன ஒவ்வொரு தொகையும் தனித்தனி வரியில், எப்படி வந்தது என்ற பெருக்கலோடு. "எனக்குச் சேர வேண்டியதைத் தரவும்" என்று பொதுவாக எழுதினால் ஐயாயிரத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். 66,000 என்று எழுதியிருந்தால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

லேபர் ஆபீஸ்

பதில் வராவிட்டால் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கொடுக்கலாம், அங்கிருந்தும் அது லேபர் ஆபீசுக்குத்தான் வரும். நேராகப் போவதே எனக்குப் பிடிக்கும். மனு இரண்டு பிரதி, ஒன்றில் தேதியோடு சீல் வாங்காமல் படியிறங்காதீர்கள்.

மனுவில் நான் பிரிவு எண் போடுவதில்லை. நடந்தது, தேதி, தொகை, யார் மேல். எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவு என்று பார்ப்பது அவர்கள் வேலை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் விசாரணை அன்று வாய்விட்டுச் சொல்லுங்கள்: சம்பளமோ போனஸோ வரவில்லை என்று மனுப் போட்டால், கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்க வேண்டியது கம்பெனி. ஊதியச் சட்டத் தொகுப்பிலேயே அப்படித்தான் இருக்கிறது. நீங்கள் வேலை பார்த்தீர்கள் என்று காட்டினால் போதும், மீதிக்கு அவர்கள் பதிவேட்டைக் கொண்டு வரட்டும்.

சம்பளப் பாக்கிக்கு மூன்று வருஷம் வரை மனுப் போடலாம், வேலைநீக்கத் தகராறுக்கு இரண்டு வருஷம். இருந்தாலும் ஒரு மாதத்துக்கு மேல் தள்ள விடமாட்டேன். நாள் ஆக ஆக கேமரா பதிவு அழியும், சாட்சி வேறு கம்பெனிக்குப் போவார், நமக்கே தேதி மறக்கும். முதல் அழைப்புக்குக் கம்பெனித் தரப்பு பெரும்பாலும் வராது. அதற்காக வெசனப்படாதீர்கள், நீங்கள் மட்டும் ஒவ்வொரு தேதிக்கும் தவறாமல் போங்கள்.

சமரசம் முறிந்து வழக்கு என்று போனால் வக்கீல் ஃபீசுக்குப் பயப்பட வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும், பட்டியல் இனத்தவருக்கும், ஆலைத் தொழிலாளிக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. எண் 15100. சங்கத்தில் இருந்தால் சங்கத்தோடு போங்கள், அது இன்னும் நல்லது. 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தத்தில் நின்ற ஊர் இது. சங்கக்காரர் ஒருவர் கூட வந்தால் எதிரில் இருக்கிற மேனேஜரின் குரல் தானாகக் குறையும்.

ராசி பேசும்போது

பெரும்பாலான மனுக்கள் ராசியில்தான், அதாவது சமரசத்தில்தான், முடியும். அதில் தப்பில்லை, ஆனால் சித்தெ ரோசனை பண்ணிச் செய்யுங்கள். "கணக்கு முழுதும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய தாளை நீட்டுவார்கள். பணம் பேங்கில் ஏறியதைப் பார்க்காமல் கையெழுத்து இல்லை. தேதியை உங்கள் கையாலேயே எழுதுங்கள். பாதித் தொகைதான் தருகிறார்கள் என்றால் தாளில் இத்தனை ரூபாய், இன்ன வகைக்கு என்று எழுதச் சொல்லி, மீதிக்கு உரிமை விடவில்லை என்பதையும் எழுதி வாங்குங்கள். பி.எஃப்.பும் பென்ஷனும் பேரத்தில் வராது. அது உங்கள் கணக்கில் இருக்கிற உங்கள் காசு.

அந்தப் பி.எஃப். வரவிடாமல் கம்பெனி செய்கிற கடைசி வேலை, நீங்கள் நின்ற தேதியைப் பதியாமல் விடுவது. அதற்காக மறுபடி கேட்டில் போய் நிற்க வேண்டாம். கடைசிச் சந்தா ஏறி இரண்டு மாதம் ஆனபின் உங்கள் யு.ஏ.என். கணக்கில் நீங்களே அந்தத் தேதியைப் போடலாம், ஆதாரோடு இணைந்த செல்லுக்கு ஓ.டி.பி. வரும். ஆதாரில் ஒரு இனிஷியல், பி.எஃப்.பில் ஒரு இனிஷியல் என்று இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். பத்து வருஷம் நெருங்கியவர்கள் பென்ஷன் தொகையை எடுத்துவிடாதீர்கள். சர்வீசைப் புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொண்டால் மாதப் பென்ஷன் கணக்கு தொடரும்.

இ.எஸ்.ஐ. கார்டையும் தூக்கிப் போடாதீர்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை சந்தா பிடித்திருந்தால், அக்டோபரில் வேலை போனாலும் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை சிகிச்சைக்கு வழி உண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை பிடித்ததற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. வேலை போன ஆளுக்குக் கார்டு செல்லாது என்று யாராவது சொன்னால், சந்தா ஏறிய மாதங்களின் விவரத்தைப் போனில் எடுத்துக் காட்டி, சிங்காநல்லூர் ஆஸ்பத்திரியானாலும் பக்கத்து டிஸ்பென்சரியானாலும் சீட்டுப் போடச் சொல்லுங்கள்.